ஊறுகாய்ப் பாட்டிலில் காப்பிக் கன்று

காப்பி விளையும் மலைநாடொன்றில், துர்ரியால்பா ஊர் ஆராய்ச்சிக்கூடத்தில் சினியா பர்ரான்டெஸுக்குக் கைராசிக்காரி என்று பெயர். அங்கே அவளுக்கு வேலை காப்பிக் கன்று வளர்ப்பது. மண்ணில் அல்ல, டப்பாவில். இலைத் துணுக்கு ஒன்றை வெட்டி, சர்க்கரையும் உப்பும் கலந்த கூழில் நட்டு, இறுக மூடி, விளக்கு வெளிச்சத்தில் அடுக்கி வைத்தால் சில மாதங்களில் சுண்டுவிரல் உயரத்துக்குக் கன்று எழும்பும். மூடியைத் திறந்து மூடும் நேரத்தில் யாராவது தும்மினால் போதும், மொத்தமும் பூஞ்சை பூத்துப்போகும். சினியா வைத்தது மட்டும் போகாது. “இவ கையைப் பார்த்தா பூஞ்சைக்கே பயம்” என்பாள் பக்கத்து மேசை யோர்லேனி. சினியா கையை ஆட்டி மறுப்பாள். ஆனால் உள்ளுக்குள் அந்தப் பெயரின் மேல் அவளுக்குக் கொள்ளை ஆசை. மூன்று பேர் கூடி நிற்கிற இடத்தில் அது காதில் விழுந்தால் அன்றைக்கெல்லாம் நடையிலேயே தெரியும்.

கன்று வெளியே போனதும் டப்பா குப்பைக்குப் போகும். டப்பா, டப்பாவைச் சுற்றி வந்த உறை, அந்த உறையைச் சுற்றி வந்த இன்னோர் உறை, துணுக்கு வெட்டிய வட்டத் தட்டு, கையுறை எல்லாமே பிளாஸ்டிக். எல்லாமே ஒரே ஒரு தடவைக்குத்தான். வெள்ளிக்கிழமை பின்வாசலில் கறுப்புப் பைகள் ஆளுயரத்துக்குக் குவியும். லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். எங்கே கொண்டுபோகிறான் என்று சினியா கேட்டதில்லை. யாருமே கேட்டதில்லை. லாரி தெருமுனை திரும்பிவிட்டால் குப்பை ஒழிந்தது என்றுதானே நம் எல்லோருக்கும் நினைப்பு!

ஒரு வருடம் மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. ஆறு கரை தாண்டி, மலையடியில் இருந்த தம்பி ஓல்மன் வீட்டுக்குள் புகுந்து புறப்பட்டது. வெள்ளம் வடிந்த பிறகு சினியா சேறு அள்ளப் போனாள். சமையலறையில் மண்வெட்டி எதிலோ கிறீச்சென்று பட்டது. எடுத்துத் துடைத்தாள். கூடத்தின் வட்டத் தட்டு. மூடியில் மை அழியாமல் அவள் பெயரின் முதலெழுத்துகள், ஒரு தேதி. தேதியில் ஒன்பதுக்கு வால் நீளமாகக் கீழே இழுத்துவிட்டிருந்தது. அப்படி ஒன்பது போடுகிற ஆள் அந்தக் கூடத்திலேயே அவள் ஒருத்திதான்.

“என்ன சினி, புதையலா?” என்றான் ஓல்மன், வாசலில் மெத்தையை உதறியபடி.

“என் கையெழுத்து.”

அவன் எட்டிப் பார்த்தான். “அடிப்பாவி! ஆபீஸ் வேலையை வீட்டுக்குக் கொண்டு வராதேன்னா, என் வீட்டுக்கா அனுப்புவ?”

சொல்லிவிட்டு அவனே விழுந்து விழுந்து சிரித்தான். சினியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கோழிக்கூண்டில் இன்னும் நாலு கிடந்தன. அடுப்புக்கு அடியில் ஒரு கையுறை, ஐந்து விரலும் சேறு நிரம்பி. லாரிக்காரன் மேலே எங்கோ பள்ளத்தாக்கில் கொட்டியிருக்கிறான், ஆறு அதை விலாசம் பார்த்து உரியவளிடம் சேர்த்திருக்கிறது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் நாளாக நாளாகக் குறையவில்லை.

மறுவாரம் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்தின் தலைவர் எலாதியோ கிரோஸ் அறைக்குப் போனாள். எலாதியோ மனைவியை இழந்தவர், மெதுவாகப் பேசுபவர். இல்லை என்ற சொல் அவர் வாயில் வராது. ‘பார்க்கலாம்’ என்பார். அவரிடம் அதற்குப் பொருள் பெரும்பாலும் இல்லை என்பதுதான். அந்த ஊரில் மரியாதையாகப் பேர் சொல்ல ஆணுக்கு டோன், பெண்ணுக்கு டோன்யா.

“டோன் எலாதியோ, இனிமே கண்ணாடிப் பாட்டில்ல வளர்க்கலாம். கழுவிக் கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம்.”

“அவ்வளவு பாட்டிலுக்கு எங்க போறது, டோன்யா சினியா?”

“நம்ம ஊர்ல பாட்டிலுக்கா பஞ்சம்? எந்த வீட்ல சிலேரா இல்ல?”

அது உண்மைதான். சிலேரா என்பது மிளகாய், காரட், வெங்காயம் எல்லாம் வினிகரில் ஊறுகிற ஊறுகாய். அது மேசையில் இல்லாத வீடும் கிடையாது, சாப்பாட்டுக் கடையும் கிடையாது. எலாதியோ தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பார்க்கலாம்னு சொல்லப்போறீங்க” என்றாள் சினியா.

அவர் முகம் சிவந்துவிட்டது. “ஒரு தொகுதி வெச்சுப் பாருங்க. மழைக்கு முன்னாடி அடுத்த வருஷத்து பிளாஸ்டிக் ஆர்டர்ல நான் கையெழுத்துப் போடணும். பாட்டில் கன்று நல்லா வந்தா ஆர்டரை நிறுத்திடறேன். வரலன்னா இந்தப் பேச்சே வேண்டாம். ஆனா ஒண்ணு, அந்தக் கன்று எந்த விவசாயிக்கோ போகவேண்டியது. யார் தலையில கட்டுறது?”

“என் தம்பி தலையில” என்றாள் சினியா.

இலைத் துரு நோய் வந்து ஓல்மனின் காப்பித் தோட்டம் மொட்டையாகிவிட்டிருந்தது. துரு தாங்கும் புதுக்கன்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தான், இந்த மழைக்கு அவன் முறை. கெட்டால் அடுத்தவன் வீட்டுக் கன்று கெடவேண்டாம் என்று சினியா நினைத்தாள். ஓல்மன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. “உன் கை பட்டதுதானே? பாட்டில்ல வை, பானையில வை, எனக்கென்ன?” என்றான்.

சினியா சாப்பாட்டுக் கடை கடையாக ஏறி இறங்கிப் பாட்டில் சேர்த்தாள். பிரஷர் குக்கருக்குப் பெரியப்பா மாதிரி ஒரு பாத்திரம் அங்கே உண்டு, ஆட்டோகிளேவ் என்று பெயர். பாட்டிலைக் கழுவி, கூழ் ஊற்றி, மூடியைப் போட்டு அதில் வேகவைத்து எடுப்பாள். கிருமி ஒன்றுகூட மிஞ்சாது. வாசனை மட்டும் லேசாக மிஞ்சியது. மூடிக்கு உட்புறம் ஒட்டியிருந்த ரப்பர் வளையத்தில் வினிகரும் மிளகாயும் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தன.

பிற்பகல் மூன்று மணிக்குக் கூடமே காப்பிக்குக் கூடும். அங்கே வைத்துத்தான் யோர்லேனி ஆரம்பித்தாள். சினியாவை அவள் செல்லமாக ராணி என்றுதான் கூப்பிடுவாள்.

“ராணி, உன் மேசைப் பக்கம் வந்தாலே எனக்குச் சோறு ஞாபகம் வருதுடி. இந்தச் செடி வளர்ந்தா காப்பியா காய்க்கும்? ஊறுகாய்தான் காய்க்கும்!”

எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தர் தட்டை நீட்டி, “டோன்யா சினியா, ரெண்டு மிளகாய் போடுங்க” என்றார். சினியாவும் சிரித்து வைத்தாள். ஆனால் சுருக்கென்று தைத்துவிட்டது. கைராசிக்காரியின் மேசை நாறுகிறது என்று நாலு பேர் சிரிப்பதா?

அன்றைக்கே கடைக்குப் போய்ப் பூ வாசனை போட்ட சலவைத் தூள் வாங்கி வந்தாள். அதுவரை வெறும் சுடுநீரில் கழுவிக்கொண்டிருந்த பாட்டில்களையும் மூடிகளையும் அதில் ஊறப்போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தாள். வெயில்காலம், குழாயில் தண்ணீர் நூலாக வந்துகொண்டிருந்தது. அலசியது போதும் என்று அவளுக்கே தோன்றும்வரை அலசினாள். முகர்ந்து பார்த்தால் மல்லிகைப்பூ. “இப்ப மோந்து பாரு” என்று யோர்லேனியின் மூக்குக்கு நேரே ஒரு பாட்டிலை நீட்டினாள். “அடேயப்பா, மணமக்கள் அறை மாதிரி இருக்கே!” என்றாள் அவள். சினியாவுக்கு அப்போதுதான் மனம் ஆறியது. அதற்குப் பிறகு எல்லாப் பாட்டிலும் மல்லிகைதான்.

கன்றுகள் எழும்பின. எழும்பி, விரல் உயரம் வந்த சமயத்தில் நுனி இலைகள் கருகத் தொடங்கின. பூஞ்சை இல்லை, அழுகல் இல்லை, வேர் வெள்ளை வெளேரென்று நன்றாகவே இருந்தது. மேலே மட்டும் சூடு வைத்த மாதிரி பழுப்பு. அடுத்தடுத்த பாட்டில்களிலும் அப்படியே. பிளாஸ்டிக் டப்பாக் கன்றுகளோ பக்கத்து அலமாரியில் பச்சைப்பசேலென்று நின்றன. சினியா விளக்கை மாற்றினாள், அலமாரியை மாற்றினாள், கூழைப் புதிதாகக் காய்ச்சினாள். ஒன்றும் கேட்கவில்லை. அடுக்கின் கடைசி வரிசையில் ஒரு பத்துப் பதினைந்து பாட்டில் மட்டும் நன்றாக இருந்தது. அது ஏன் என்றும் விளங்கவில்லை. அதற்குள் வானம் இருட்டத் தொடங்கிவிட்டது. ஓல்மன் வேறு, “குழியெல்லாம் தோண்டிட்டேன், சினி” என்று போன் செய்துவிட்டான்.

ஆர்டரில் கையெழுத்துப் போடவேண்டிய நாளுக்கு முந்தின பிற்பகல். அன்றைக்குக் காப்பி போடும் முறை யோர்லேனியுடையது. ஆனால் எலாதியோ அதை வாங்கிக்கொண்டார். கெட்ட செய்தி சொல்லப்போகிற ஆள், காப்பியாவது கையால் போட்டுக் கொடுக்கலாம் என்று நினைத்திருப்பார் போலும். மரச்சட்டத்தில் துணிப் பையை மாட்டி, தூளைப் போட்டு, வெந்நீரை நிதானமாக ஊற்றினார். முதல் கோப்பையைச் சினியாவிடம் தந்தார்.

“டோன்யா சினியா, கண்ணாடி நமக்கு ஒத்துவரல. யார் மேலயும் தப்பு இல்ல. பழைய பாட்டில், என்னென்ன ஊறினதோ யாருக்குத் தெரியும்? நாளைக்கு ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுடறேன்.”

சினியா தலையை ஆட்டினாள். முகத்தை மறைக்கக் கோப்பையைத் தூக்கி ஒரு வாய் உறிஞ்சினாள்.

அதற்குள் எதிரே யோர்லேனி குடித்ததைத் திரும்பக் கோப்பையிலேயே துப்பியிருந்தாள். “கடவுளே! டோன் எலாதியோ, இதென்ன காப்பியா, துணி துவைச்ச தண்ணியா?”

“ஏன், நல்லாத்தானே...” என்று அவரும் குடித்துப் பார்த்தார். முகம் கோணியது.

“பையை எதுல கழுவினீங்க?”

“சோப்புத் தூள்லதான். கறுப்பா இருந்தது, அசிங்கமா இருக்கேன்னு... தொட்டிப் பக்கத்துல டின் இருந்தது.”

கூடமே அலறியது. காப்பிப் பையில் சோப்பா! இந்த நாட்டில் குழந்தைகூடச் செய்யாத காரியம். பையை வெறும் தண்ணீரில் அலசுவார்கள், உதறிக் காயப்போடுவார்கள். கறுக்க வேண்டியது அதன் கடமை. “பாவம் உங்க மனைவி, சமையலறைக்குள்ளயே விடலபோல!” என்றாள் யோர்லேனி. “எத்தனை தடவை அலசினேன் தெரியுமா? சத்தியமா நல்லா அலசினேன்” என்று அந்த மனிதர் குழந்தை மாதிரி முறையிட்டுக்கொண்டிருந்தார்.

சினியா சிரிக்கவில்லை. வாயில் இருந்த காப்பியை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. அது மல்லிகைப்பூவாக மணத்தது.

கோப்பையை வைத்துவிட்டு அலமாரிக்குப் போனாள். கருகிய பாட்டில் ஒன்றைத் திறந்து மூடியை முகர்ந்தாள். மல்லிகை. ரப்பர் வளையத்தில் நீர்த்துளிகள் கோத்து நின்றன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு துளி சொட்டியது. மூடியிலிருந்து சொட்டுவது நுனி இலையில்தானே விழும்? கடைசி வரிசையில் இருந்த நல்ல பாட்டிலைத் திறந்தாள். மிளகாய் நெடி மூக்கில் ஏறியது. யோர்லேனி கேலி செய்வதற்கு முன்னால் வெறும் சுடுநீரில் கழுவித் துணுக்கு நட்டது.

அங்கேயே நின்றாள். யார் மேலும் தப்பு இல்லை என்று தலைவரே சொல்லியாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி பாட்டிலோடு போகும், கைராசிக்காரி கைராசிக்காரியாகவே இருப்பாள். திங்கட்கிழமை புது டப்பா வரும், வெள்ளிக்கிழமை லாரி வரும். ஓல்மன் வீட்டுக் கோழிக்கூண்டு நினைவுக்கு வந்தது. இத்தனை வருடத்துப் பெயர் ஒரு பக்கம் இழுத்தது. உண்மையைச் சொன்னால், தம்பியின் கன்றுகளைக் கொன்றது அவள்தான் என்பதும் கூடவே வெளியே வரும்.

இரண்டு பாட்டிலையும் எடுத்துக்கொண்டு காப்பி மேசைக்குத் திரும்பினாள்.

“கண்ணாடி மேல தப்பு இல்ல, டோன் எலாதியோ. நான்தான் கெடுத்தேன்.”

சிரிப்பு நின்றது. சினியா ஒவ்வொன்றாகச் சொன்னாள். யோர்லேனி சிரித்தது, சலவைத் தூள், ஒழுங்காக வராத தண்ணீர், ரப்பர் வளையம். “நாறுதுன்னு சொன்னாங்களேன்னு ரோஷம். காப்பிப் பையில சோப்பு போடக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா என் பாட்டில் மணக்கணும்னு நினைச்சேன். செடியைப் பத்தி நினைக்கல.”

யோர்லேனிதான் முதலில் எழுந்தாள். “ராணி, என் வாய்க்கு ஒரு மூடி போட்டிருந்தா இந்த வினையே வந்திருக்காது” என்று சொல்லிச் சினியாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

எலாதியோ இரண்டு மூடிகளையும் மாறி மாறி முகர்ந்தார். பிறகு ஆளே மாறிவிட்டார், ஆராய்ச்சிக்காரர் ஆகிவிட்டார். “இதை நம்ப முடியாது, நிரூபிக்கணும். சோப்பில்லாம ஒரு வரிசை, சோப்போட ஒரு வரிசை, பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கணும். ஆனா ஆர்டர் அதுவரைக்கும் காத்திருக்காது.” மூடிகளை மேசையில் வைத்தார். “பாதிக்குக் கையெழுத்துப் போடறேன். மீதிப் பாதிக்கு டப்பா கிடையாது. உங்க பாட்டில்தான். அதுவும் தோத்துதுன்னா என்னை மேல இருக்கறவங்க வறுத்துடுவாங்க.”

“தோக்காது” என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லவில்லை. கைராசி என்ற பேச்சை அன்றைக்கு யாரும் எடுக்கவில்லை, அடுத்த நாளும் எடுக்கவில்லை.

மறுநாள் ஓல்மன் வீட்டுக்குப் போனாள். அவன் சரிவில் நின்று, தோண்டிய குழிகளைக் காட்டினான். முதல் மழை பெய்து குழிகளில் தண்ணீர் நின்றது. அங்கே வைத்துத்தான் சொல்லவேண்டியிருந்தது.

“சோப்பா?” என்றான் ஓல்மன்.

“சோப்புத்தான்.”

“துரு நோயைத் தாங்கும்னு சொன்ன செடி. உன் சோப்பைத் தாங்கல.”

சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்க் கோழிக்குத் தீனி போட்டான். அவள் முற்றத்தில் வெகுநேரம் நின்றாள். காப்பி குடிக்கிறாயா என்று அவன் கேட்கவில்லை. பகையாளி வந்தாலும் காப்பி கேட்காமல் அனுப்பாத ஊர் அது. சினியா பேருந்தில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். அவன் அடுத்த மழைவரை காத்திருக்க வேண்டும், அதுவரை அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குக் காப்பி பறிக்க வேண்டும். எல்லாம் ஒரு பூ வாசனைக்காக.

கூடத்தில் எலாதியோ சொன்னபடியே இரண்டு வரிசை வைத்துப் பார்த்தார்கள். வெறும் சுடுநீரில் கழுவிய வரிசை ஊறுகாய் மணத்தோடு பச்சையாக எழும்பியது. மல்லிகை வரிசை கருகியது. கழுவும் தொட்டிக்கு மேலே யோர்லேனி ஒரு பழைய காப்பிப் பையை ஆணியில் மாட்டிவிட்டாள். யார் சோப்பு டின்னை நோக்கிக் கை நீட்டினாலும் அது கண்ணில் படும். எல்லாம் சரிதான், ஆனால் பாதிப் பிளாஸ்டிக்கை நிறுத்தியாகிவிட்டது, அந்தப் பாதிக்குப் போதுமான பாட்டில் இல்லை. கடைகளில் கேட்டுக் கேட்டுச் சினியாவுக்கு முகம் தேய்ந்துவிட்டது. எலாதியோ மறுபடியும் ‘பார்க்கலாம்’ என்று சொல்லத் தொடங்கியிருந்தார்.

மழை நசநசத்த ஒரு பிற்பகல், வாசலில் காவல்காரர் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் ஓல்மன். தேவாலயத்துக்குப் போட்டுக்கொள்ளும் சட்டை, சேறு படிந்த ரப்பர் பூட்ஸ். பின்னால் யாரிடமோ இரவல் வாங்கிய வண்டியில் சாக்குச் சாக்காக ஏதோ இருந்தது. அவன் இறக்கியபோது கலகலவென்று கண்ணாடிச் சத்தம்.

“மலையில ஒரு வீடு விடல” என்றான், அவளைப் பார்க்காமல். “உள்ள இருந்த ஊறுகாயைத் தின்னு தீர்க்கச் சொன்னேன். ஒரு வாரமா மலை முழுக்க வயித்தெரிச்சல். என்னை எல்லாரும் சபிச்சிட்டிருக்காங்க.”

சினியா ஒரு சாக்கின் வாயைப் பிரித்துப் பார்த்தாள்.

“எல்லாம் தண்ணியில கழுவினது. நானே கழுவினேன். சோப்பு தொடல. மோந்து பாரு.”

ஒரு பாட்டிலைத் திறந்து அவள் மூக்கருகே நீட்டினான். அவள் முகர்ந்தாள். மிளகாய் நெடியில் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. மிளகாய்தான் என்று அவன் நினைக்கட்டும் என்று துடைக்காமல் நின்றாள். மிளகாய் மட்டும் இல்லை என்பது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

“அடுத்த மழைக்கு எனக்கு இதுலதான் வேணும்” என்றான். “டப்பாவுல வேண்டாம். அப்புறம் வெள்ளம் வந்தா நான்தானே அள்ளணும்?”

மணி மூன்றாகியிருந்தது. உள்ளே கோப்பைகளின் சத்தம் கேட்டது. ஓல்மன் சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு கதவை முழங்கையால் தள்ளினான்.

“காப்பி இருக்கா, சினி?” என்று கேட்டான்.